பெட்டித் துணியைப் பிள்ளைக்குப் போர்த்தாதே

மகளே,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத எனக்கு இப்போது பொறுமையில்லை. நீ நலமாக இருப்பது தெரியும். உன் அப்பா துறைமுகத்தில் வேலை முடிந்து வரும் வழியில் தஞ்சோங் பகாரில் உன் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுத்தான் வருகிறார். கால் வீங்கியிருக்கிறது, முகம் தெளிவாக இருக்கிறது, சோறு இறங்குகிறது என்கிறார். தம்பியைக் கேட்டாயாம். கீழ்க்கடைப் பூனை குட்டி போட்டுவிட்டதா என்றுகூடக் கேட்டாயாம். என்னைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. உன் வளைகாப்பு அன்று கூடியிருந்த சனத்தின் நடுவில் நான் போட்ட சத்தத்துக்கு, உன் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

அந்தக் கோபம் இருக்கட்டும். பிள்ளை பிறந்தபிறகு சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் பிள்ளை பிறப்பதற்கு முன் உனக்குத் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது. அன்று நான் கத்தினேனே தவிர, எதையும் விளங்கச் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். இதில் ஒரு படியை நம் தெரு மாதர் சங்கத்து ஆண்டு மலருக்கும் கொடுத்துவிட்டேன். உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. வீட்டு விஷயத்தை வீதியில் வைக்கிறாளே என்று நீ பல்லைக் கடிப்பாய். வீதியில் வைக்காததால்தான் நம் வீட்டில் ஒருவன் போனான். உன் வீட்டில் இருப்பதைப் போன்ற தகரப்பெட்டி இந்தச் சிராங்கூன் சாலை நெடுக எத்தனை வீட்டுக் கட்டிலடியில் இருக்கிறதோ, யார் கண்டது.

உன் அண்ணன் ராசுவை உனக்கு நினைவிருக்கும். ஆனால் நீ அறிந்தவன் பாயில் கிடந்த ராசு. பிறந்தபோது இருந்த ராசுவை நீ பார்த்ததில்லை. நல்ல எடை, நல்ல குரல். மார்பைப் பிடித்தால் விடமாட்டான். எனக்குப் பதினாறு முடிந்திருந்தது. ஜொகூர் ரப்பர் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்து முழுதாக இரண்டு வருஷம் ஆகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே உன் அத்தை, அதாவது உன் அப்பாவின் அக்கா, இப்போது உனக்கு மாமியார், அந்தத் தகரப்பெட்டியைத் திறந்தார். நம் சனத்தில் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. நிறைவாக வாழ்ந்து போன பெரியவர் கட்டிய வேட்டியைக் கிழித்துத்தான் முதலில் சுற்ற வேண்டும். அந்தத் துணியோடு ஆயுசும் ஒட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. பெட்டியில் இருந்தவை அத்தையின் அப்பா, அதாவது உன் தாத்தா, கட்டிய வேட்டிகள். இந்த ஊர் ஈரத்தில் துணியைப் பூச்சி அரித்துவிடும் என்று, அத்தை அடுக்குக்கு அடுக்கு அந்துருண்டை போட்டு வைத்திருந்தார். பெட்டியைத் திறந்தால் வாசம் படியிறங்கி அஞ்சடி நடைபாதைவரை போகும். நாங்கள் அதைச் சுத்தத்தின் வாசம் என்று நினைத்தோம். நானும்தான். மூக்கை வைத்து ஆசையாக இழுத்தேன்.

சில நாளில் ராசுவின் நிறம் மாறியது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். ஆமாம், சரியாகத்தான் படித்தாய், சந்தோஷப்பட்டார்கள்.

"ஐயோ, தங்கமாட்டம் இருக்கானே! எங்கேருந்துடி வந்துச்சு இந்த நெறம்?" என்றார் அத்தை.

"வெள்ளைக்காரன் ஆஸ்பத்திரியில பொறந்தவன்லா, ஒட்டிக்கிச்சு!" என்று பக்கத்து அறைக்காரம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தைக்கு முதலில் பிறந்த இரண்டு பையன்களும் கண்பட்டுத்தான் போனார்கள் என்று, கன்னத்தில் மை வைத்துக் கண்ணேறு கழித்தோம். கறுப்பைக் கண்டால் முகம் சுளிக்கும் சனம் நாம். ஒரு பிள்ளையின் மூளை கருகிக்கொண்டிருந்த நிறம் நமக்கு அழகாகத் தெரிந்தது.

அப்புறம் அவன் பால் குடிப்பதை நிறுத்தினான். உடம்பு வில்லாகப் பின்னால் வளைந்தது. அழுகை மாறி, பூனையை மிதித்தது போல ஒரு கீச்சுக் குரல் வந்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். மஞ்சள் மூளைக்கு ஏறிவிட்டது, பிழைத்தால் உங்கள் அதிர்ஷ்டம் என்றார்கள். பிழைத்தான். எப்படிப் பிழைத்தான் என்பதை நீ பார்த்தாய். கையும் காலும் அவன் சொன்னபடி கேட்காமல் முறுக்கிக்கொண்டே இருந்தன. காது கேட்கவில்லை. பேச்சு வரவில்லை.

பழி என் மேல் விழுந்தது. "சொந்தத்துல பொண்ணுன்னு எடுத்தோம். தாய் வழி ரத்தம் கெட்ட ரத்தமாப் போச்சு," என்று அத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நான் விடவில்லை. ரத்தத்தில் என்ன கெட்டது நல்லது, பழந்துணி ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கக் கூடாதா, சும்மா வாய்க்கு வந்ததைப் பேசாதீர்கள் என்று சண்டை போட்டேன். அடுத்து நீ பிறந்தாய். அதே பெட்டி, அதே வேட்டி, அதே வாசம். உனக்கு ஒன்றும் ஆகவில்லை. கொழுகொழுவென்று வளர்ந்தாய். "பாத்தியா? துணியில ஒண்ணும் இல்ல, பெட்டியில ஒண்ணும் இல்ல," என்றார்கள். துணி விடுதலையானது. நான் குற்றவாளியாகவே இருந்தேன்.

ராசு யார் முகத்தையும் பார்க்க மாட்டான். நின்றுகொண்டு அவனைக் கூப்பிட்டால், அவன் கண் நம் முழங்காலோடு நின்றுவிடும். புத்தியில்லாத பிள்ளை, ஆளைத் தெரியாது என்று எல்லாரும் முடிவு கட்டினோம். அவன் எதிரிலேயே அவனைப் பற்றிப் பேசினோம். "இது எப்பப் போய்ச் சேருமோ" என்று உறவுக்காரர்கள் அவனை வைத்துக்கொண்டே கேட்டார்கள். நீ மட்டும் பள்ளியிலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டு, அவன் பக்கத்தில் தரையில் படுத்து, முகத்துக்கு நேரே முகம் வைத்து வாயைக் கோணிக் காட்டுவாய். உன்னைப் பார்த்து மட்டும்தான் சிரிப்பான். யூனிபாரம் அழுக்காகிறது என்று உன்னை அடித்திருக்கிறேன். ஒன்பது வயதில் காய்ச்சலில் போனான். அன்றுகூட அத்தை, "விடுதலைடி உனக்கு," என்றார்.

இந்த ஊர் தனி நாடான வருஷம் உன் தம்பி பிறந்தான். கல்யாண வயதில் மகள் இருக்கும்போது பிள்ளை பெற்றுக்கொள்கிறேனே என்று நீ வெட்கப்பட்டு, ஆஸ்பத்திரிக்கு வராமல் உன் அப்பாவிடம் ஹார்லிக்ஸ் கொடுத்தனுப்பினாய். அதனால் அங்கே நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. பிறந்த உடனே அவன் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். இப்போதெல்லாம் எல்லாப் பிள்ளைக்கும் எடுக்கிறோம் என்றார் நர்ஸ் மிஸ்ஸி. சோதனையில் ஏதோ குறை இருக்கிறது என்று, எங்களை வீட்டுக்கு விடாமல் பார்வையில் வைத்தார்கள். மஞ்சள் ஏறியது. இந்த முறை யாரும் தங்கம் என்று சொல்லவில்லை. தொப்புள் வழியாகக் குழாய் விட்டு, அவன் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றினார்கள். யார் கொடுத்தார்களோ, சீனரோ மலாய்க்காரரோ, அந்த ரத்தத்தில்தான் உன் தம்பி இன்று படிக்கட்டில் குதித்துக்கொண்டிருக்கிறான்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று, அத்தை கொடுத்தனுப்பிய துணி மூட்டையை அவிழ்த்தேன். நாலு கட்டில் தள்ளி நின்றிருந்த மிஸ்ஸி மூக்கைச் சுளித்துக்கொண்டு ஓடி வந்தார். நம்ம ஊர்த் தமிழ்ப் பெண்தான், வாய் துடுக்கு.

"யாரு கொண்டாந்த துணி இது?"

"என் நாத்தனார் குடுத்தனுப்பினாங்க. ஏன் மிஸ்ஸி, சுத்தமாத்தானே இருக்கு?"

"சுத்தமா? இது விஷம்லா! பொழைக்க வெச்சு அனுப்புறோம், நீங்க வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொல்லப் பாக்குறீங்களா?" என்று மூட்டையை இரண்டு விரலால் தூக்கிக் கதவுக்கு வெளியே போட்டார். "அந்துருண்டை வாசம் தோல் வழியாவும் உள்ள போவும், மூச்சு வழியாவும் போவும். இந்தக் கொறை உள்ள புள்ளைக்கு ரத்தமே ஒடஞ்சு போயிடும். யாரும் சொல்லலையா உங்களுக்கு?"

யார் சொல்வது? "மொதப் புள்ளைக்கும் இதத்தான் சுத்துனோம்," என்றேன். அதைக் கேட்டதும் அந்தப் பெண் போய் டாக்டரை அழைத்து வந்தார்.

டாக்டர் ஒரு சீனப் பெண். என்னைவிடச் சின்னவர். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, மிஸ்ஸி தமிழில் சொன்னார். டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. என்றார்கள். எனக்குத் தலை சுற்றியது. ஒரு காகிதத்தில் முறுக்கிய ஏணி மாதிரி வரைந்து காட்டியபோதுதான், "இது எங்க தையற்கடை அலமாரி மாதிரியா?" என்று கேட்டேன். மிஸ்ஸி அதை மொழிபெயர்த்ததும் டாக்டர் சிரித்து, மேலே சொல்லச் சொன்னார்.

உனக்கும் அப்படியே சொல்கிறேன். நான் வேலை செய்யும் கடையில் ரவிக்கைக்கும் சட்டைக்கும் மூல அளவு வெட்டிய அட்டைகள் அலமாரியில் பூட்டியிருக்கும். முதலாளி அவற்றை வெளியே தரமாட்டார். எது தைக்க வேண்டுமோ அந்த அட்டையை மட்டும் மெல்லிய தாளில் படியெடுத்து எங்களிடம் கொடுப்பார். நாங்கள் அந்தத் தாளைப் பார்த்து வெட்டித் தைப்போம். தாள் கிழிந்துபோகும். அட்டை பத்திரமாக இருக்கும். உடம்பும் அப்படித்தான். ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் ஓர் அலமாரி இருக்கிறது. அதற்குள் உடம்புக்கு வேண்டிய எல்லாவற்றின் மூல அளவும் இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. அதிலிருந்து படியெடுத்து வெளியே போகும் தாள்தான் ஆர்.என்.ஏ. வெளியே இருக்கும் தையற்காரர்கள் அதைப் பார்த்துப் புரதங்களைத் தைக்கிறார்கள். அம்மா அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போவது அந்த மூல அட்டைகளின் படி. படியெடுக்கும்போது எங்கோ, எப்போதோ, யாருக்கோ ஒரு குறி தள்ளிப் போயிருந்தால், அதற்குப் பிறகு அதைப் பார்த்துத் தைப்பதெல்லாம் அதே பிசகோடு வரும். தையற்காரன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் வரும்.

நம் குடும்பத்து அட்டையில் அப்படி ஒரு குறி தள்ளியிருக்கிறது. ரத்தத்தின் சிவப்பணுவைக் காக்கும் ஒரு புரதம் அதனால் வலுவில்லாமல் தைக்கப்படுகிறது. வேறு அணுவாக இருந்தால் தேயத் தேயப் புதிதாகத் தைத்துக்கொள்ளும். சிவப்பணு மட்டும் முதிர்ந்தவுடன் தன் அலமாரியையே வெளியே எறிந்துவிடுமாம். பிறகு தைக்க வழியில்லை. இருப்பதை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். சும்மா இருக்கும்போது தாங்கும். அந்துருண்டை போல ஒன்று உள்ளே போனால் தையல் விட்டு அணு உடைந்துவிடும். உடைந்த ரத்தத்தின் சாயம்தான் அந்த மஞ்சள். பிறந்த பிள்ளையின் ஈரலுக்கு அதை வெளியேற்றத் தெம்பில்லை. மஞ்சள் மூளையில் போய்ப் படிகிறது. பெட்டி திறக்காமலேகூடச் சில பிள்ளைகளுக்கு ஏறும். பெட்டியைத் திறந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆண்பிள்ளைக்கு இந்த அட்டை ஒன்றுதான், அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. பெண்ணுக்கு இரண்டு, அம்மா ஒன்று அப்பா ஒன்று. ஒன்று பிசகினாலும் மற்றது பெரும்பாலும் காப்பாற்றிவிடும். அதனால்தான் அதே வேட்டியில் ராசு போனான், நீ தப்பித்தாய். அப்படியானால் என்னிடமிருந்து வந்ததா என்று கேட்டேன். ஆமாம் என்று டாக்டர் தலையை ஆட்டினார். எத்தனை வருஷம் சண்டை போட்டேன், என் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று. இருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அத்தை வென்றுவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அதைவிடப் பெரிய அடி அடுத்து வந்தது. முதல் பிள்ளை எப்படி இருந்தான் என்று டாக்டர் விசாரித்தார். கை கால் முறுக்கு, காது கேட்காதது, யாரையும் பார்க்காதது எல்லாம் சொன்னேன். "புத்தியில்ல, ஆளத் தெரியாது," என்றேன். டாக்டர் மெதுவாக ஏதோ சொன்னார். மிஸ்ஸி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னங்க சொல்றாங்க?"

"அம்மா… இந்த மாதிரிப் புள்ளைங்களுக்குக் கண்ண மேல தூக்க முடியாதாம். அதான் நிக்கிறவங்க மொகத்தப் பாக்க மாட்டாங்களாம். மத்தபடி… நெறையப் பேருக்குப் புத்தி சரியாவே இருக்குமாம். எல்லாம் புரியுமாம்."

மகளே, ஒன்பது வருஷம். "இது எப்பப் போய்ச் சேருமோ" என்று கேட்டவர்களை அவன் எதிரிலேயே உட்காரவைத்து நான் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். காது கேட்காது என்று நீ சமாதானம் சொல்லாதே. முகம் தெரியும் அல்லவா? உதடு தெரியும் அல்லவா? தரையில் படுத்தவள் நீ ஒருத்திதான். உன் யூனிபாரத்துக்காக அடித்தேன்.

கிளம்பும்போது டாக்டர் இன்னொன்று சொன்னார். வெளிநாடுகளில் அந்த மூல அட்டையின் எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டு வருகிறார்களாம். எந்த எழுத்துகள் சேர்ந்தால் புரதத்தில் எந்த இழை வரும் என்று தெரிந்துகொண்டால், ஒரு நாள் பிசகையே திருத்த முடியலாமாம். "அது வர்றப்ப எங்க சந்துக்கும் வருமா, பங்களாவோட நின்னுடுமான்னு கேளுங்க மிஸ்ஸி," என்றேன். மிஸ்ஸி அதை மொழிபெயர்க்கவில்லை. இரண்டு தீப்பெட்டி விலையில் கிடைக்கிற உருண்டையைப் பற்றிச் சொல்ல இத்தனை வருஷம் ஒருவரும் நம் படியேறி வரவில்லை. அட்டையைத் திருத்துகிறவனா வரப்போகிறான்?

வீட்டுக்கு வந்து அத்தையிடம், இந்தப் பிள்ளைக்குப் பெட்டித் துணி ஒத்துக்கொள்ளாதாம் என்று மட்டும் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அக்கா மனசு நோகும், விடு," என்றார் உன் அப்பா. விட்டேன். பிறகு அத்தை மகனுக்கே உன்னைக் கேட்டு வந்தார்கள். சொந்தத்தில் வேண்டாம் என்றேன். "நீயே மாமன் மகனக் கட்டுனவதானே!" என்று எல்லாரும் சிரித்தார்கள். உனக்கும் அவன்மேல் ஆசை, நீயும் சிரித்தாய். ஏன் வேண்டாம் என்று எனக்கே அப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நீ முழுகாமல் இருக்கிறாய் என்று தெரிந்ததும் அதே டாக்டரைத் தேடிப் போனேன். என் மகளுக்குப் பையன் பிறந்தால் ஆபத்து, பெண் பிறந்தால் பயமில்லை, அப்படித்தானே என்று கேட்டேன். மாப்பிள்ளை யார் என்றார். சொன்னேன். எங்கள் குடும்பத்தில் ஆண்கள் யாருக்காவது மாத்திரை சாப்பிட்டு மூத்திரம் கறுத்துப் போனதுண்டா என்று கேட்டார். சின்ன வயதில் தோட்டத்தில் பார்த்தது பளிச்சென்று வந்தது. மலேரியாவுக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு என் தாய்மாமன் காப்பித் தண்ணி நிறத்தில் மூத்திரம் போய், செத்துப் பிழைத்தார்.

"அவருக்குப் பொண்ணு உண்டா?" என்றார் மிஸ்ஸி.

"ஒரே பொண்ணு. அவங்கதான் என் சம்பந்தி."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். யோசித்துப் பார். அந்தத் தாய்மாமன்தான் அத்தையின் அப்பா, உன் தாத்தா. என் அம்மாவும் அவரும் கூடப்பிறந்தவர்கள். அப்பனிடம் இருக்கும் ஒரே அட்டை மகளுக்குத் தப்பாமல் போகும். அப்படியானால் அத்தைக்கும் அந்தப் பிசகு உண்டு. என்னிடம் இருப்பதும் அவரிடம் இருப்பதும் ஒன்றே. "தாய் வழி ரத்தம்" என்று அவர் ஏசிய என் தாய், அவருடைய சொந்த அத்தை. அவரிடமிருந்து உன் புருஷனுக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். சோதித்தால்தான் தெரியும். அவனுக்கும் இருந்து உனக்கும் இருந்தால், பெண்பிள்ளைக்கு இரண்டு அட்டையுமே பிசகாக வரலாம். பெண் என்றால் பயமில்லை என்பதும் போயிற்று.

இதெல்லாம் தலைக்குள் கொதிக்கக் கொதிக்கத்தான் உன் வளைகாப்புக்கு வந்தேன். ஒன்றும் பேசாதே அம்மா, வியாதிக்காரக் குடும்பம் என்பார்கள் என்று நீ முதல்நாளே சொல்லியனுப்பியிருந்தாய். வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். வளையல் அடுக்கி முடிந்ததும், அதுவரை சமையலறை வாசலைத் தாண்டாமல் நின்றிருந்த அத்தை பெட்டியை இழுத்து வந்தார். வாசம் வந்தது. எனக்கு ராசுவின் அந்தக் கீச்சுக் குரல் கேட்டது.

"அண்ணி, அத மூடுங்க."

"ஏன்டி?"

"அது விஷம். புள்ளையக் கொன்னுடும்."

"எங்கப்பா கட்டுன வேட்டிடி இது. ஒன் தாய்மாமன் கட்டுனது. விஷமா? ஒன் ரத்தத்துல இருக்குடி விஷம்!"

"ஒங்க ரத்தமும் அதே ரத்தந்தான் அண்ணி! மாப்பிள்ளைக்கு முன்னாடி பொறந்த ரெண்டு பையனும் எப்படிப் போனாங்க? தங்கமா ஆகித்தானே போனாங்க?"

அத்தை பெட்டியை மூடினார். மூடியின் மேல் கையை வைத்தபடி நின்றார், பிறகு சமையலறைக்குள் போய்விட்டார். "அம்மா, வீட்டுக்குப் போ," என்றாய் நீ. போனேன்.

வரும் வழியில்தான் உறைத்தது. தாலி இழந்தவர் என்று உன் மாமியாரை வளையல் போட விடவில்லை, சந்தனம் தொட விடவில்லை. சொந்த மருமகளின் வளைகாப்பில் அவருக்கு இருந்த ஒரே உரிமை அந்தப் பெட்டியைத் திறப்பது. அதையும் நான் பிடுங்கினேன். பிடுங்கத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளை அத்தனை பேர் முன்னால் தோண்டி எடுத்திருக்க வேண்டியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை என் வீட்டுப் படியேறி வந்தார். தனியாக, பஸ்ஸில். நீ அறியமாட்டாய். நான் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நேராச் சொல்லு. எம் புள்ளைங்கள நான்தான் கொன்னேனா?"

மெஷினிலிருந்து எழுந்தேன். "தெரியாமத்தானே அண்ணி…" என்று இழுத்தேன்.

"தெரியாமன்னு சொல்லாத. எனக்கு அது வேண்டாம். அந்தத் துணியா, இல்லையா?"

"துணியா இருக்கலாம். ரத்தத்துல இருந்த கொறையே போதும்னும் சொல்றாங்க. அது ஒங்கப்பாவோடது. அவருக்கு யார் குடுத்தாங்களோ."

"ராசுவும்?"

"ராசுவும்."

தண்ணீர் கேட்டார். குடித்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு, "எல்லாருகிட்டயும் ஒன் ரத்தம்னு சொன்னேனே," என்றார். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவருக்கும் எனக்கும் தையல் விட்ட இடம் ஒன்றுதான் என்று தோன்றியது. பிறகு பையைத் திறந்து, மடித்த வெள்ளைச் சேலைகளை எடுத்து மெஷின் மேல் வைத்தார்.

"மோந்து பாரு."

பார்த்தேன். சோப்பு வாசம், வெயில் வாசம். வேறொன்றும் இல்லை.

"தெனம் தொவைக்கிறது, தெனம் கட்டுறது. பெட்டியப் பாக்காத துணி எங்க வீட்ல இது ஒண்ணுதான். பூ மாதிரி ஆயிடுச்சு பாரு, புள்ளைக்கு உறுத்தாது." சேலையின் ஓரத்தைத் தடவினார். "ஆனா அறுத்தவ துணி. நான் குடுத்தா அவ தொடுவாளா? நாலு பேரு தொட விடுவாங்களா? நீ எழுதிச் சொல்லு. நீதான் எதுக்கும் பயப்படாதவளாச்சே."

அதற்காகத்தான் இந்தக் கடிதம். இதோடு உன் அப்பா கொண்டுவரும் மூட்டையில் இருப்பது உன் மாமியாரின் சேலைகள். அவரே என் எதிரில் கிழித்தார். நான் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, வெயிலில் உலர்த்தி, ஓரம் மட்டும் மடித்துத் தைத்தேன். பழந்துணி வேண்டும் என்கிற வழக்கத்துக்கும் குறைவில்லை. ஆயுசு ஒட்டும் என்றால் இதில்தான் ஒட்ட வேண்டும். இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்து, புருஷனைப் பறிகொடுத்து, இன்னும் நிற்கிறவரின் துணி இது. அபசகுனம் என்று யாராவது வாயைத் திறந்தால், என் மாமியார் கட்டியது என்று சொல். சத்தமாகச் சொல். அந்தச் சத்தம் என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கும்.

வலி எடுத்ததும் ஆஸ்பத்திரிக்குப் போ, வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தார்களா என்று நீயே வாய்விட்டுக் கேள். ஆணானாலும் பெண்ணானாலும் கேள். உன் புருஷனையும் ஒரு சொட்டு ரத்தம் கொடுக்கச் சொல், அவனுக்கு அதில் ஒன்றும் கௌரவம் குறையாது. வீட்டுக்கு வந்தபிறகு, தினமும் காலையில் பிள்ளையை ஜன்னலுக்குக் கொண்டுபோய், ராசுவுக்கு வைத்தாயே, அதுபோல முகத்துக்கு நேரே முகம் வைத்துப் பார். பார்க்க வருகிறவர்களில் யாராவது, "அடடா, தங்கமாட்டம் இருக்கே!" என்று சொன்னால், சிரிக்காதே. செருப்புக்கூடத் தேடாதே. தூக்கிக்கொண்டு ஓடு.

நீ கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் ஆஸ்பத்திரி வாசலில் உன் அத்தையோடு நிற்கப்போகிற,
உன் அம்மா